‘மயக்கமா வந்துச்சு, தம்பி’

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மூதாட்டி என்னிடம் சொன்ன மூன்று சொற்களை இன்றுவரை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவை என் காதில் சரியாகவே விழுந்தன. அருகில் நின்றிருந்த துணை மருத்துவருக்கு அவற்றை ஆங்கிலத்தில் சொன்ன இடத்தில்தான் பிழை நேர்ந்தது. நான் சிங்கப்பூரில் அவசர மருத்துவ நுட்புநராக வேலை செய்கிறேன். எங்கள் ஆம்புலன்ஸ் வண்டியில் மூவர் இருப்போம். குழுவுக்குத் தலைமை தாங்கும் துணை மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. அவரை ‘காக்’ என்று அழைப்போம், மலாயில் அக்காள் என்று பொருள். ஓட்டுநர் சீனர். தமிழ் பேசும் வீட்டின் கதவு திறந்தால், ஆக்சிஜன் உருளையைத் தூக்கி வருகிற நானே மொழிபெயர்ப்பாளனாகவும் ஆகிவிடுவேன். அதற்கென்று எனக்கு யாரும் பயிற்சி தந்ததில்லை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவனுக்கு அது தானாக வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொங்கி வழிந்த பால்

அங் மோ கியோ வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாவது மாடி. காலை ஆறரை மணி இருக்கும். மருமகள் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழைத்திருந்தார். மூதாட்டிக்கு 71 வயது, இருபது ஆண்டுகளாக நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் அமர்ந்து சுவரில் தலை சாய்த்திருந்தார். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை அரும்பியிருந்தது. மருமகள் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். அடுப்பைச் சுற்றிப் பால் பொங்கி வழிந்து கருகியிருந்த வாடை இன்னும் போகவில்லை. நான் குந்தி அமர்ந்து, “என்ன பண்ணுது பாட்டி?” என்று கேட்டேன். “மயக்கமா வந்துச்சு, தம்பி,” என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றார். மூச்சுத் திணறலும் இல்லை. நான் திரும்பிப் பார்த்து, காக்கிடம் ‘கிடி’ (giddy) என்றேன். தலைசுற்றலுக்குச் சிங்கப்பூரில் எல்லா இனத்தவரும் மருத்துவமனையில் சொல்லும் ஆங்கிலச் சொல் அதுதான்.

அந்த ஒரு சொல்லிலிருந்து எங்கள் சிந்தனை முழுவதும் ஒரே திசையில் ஓடத் தொடங்கியது. தலைசுற்றல் என்றதும் முதலில் சர்க்கரையைப் பார்ப்போம், 9.4 காட்டியது, குறை இல்லை. முகம் கோணியிருக்கிறதா, இரு கைகளையும் உயர்த்த முடிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பக்கவாதத்தின் அறிகுறிகளைச் சோதித்தோம். அவற்றிலும் குறை இல்லை. மூளையின் பின்பகுதியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் முகமும் கையும் நன்றாக இருக்க, தள்ளாட்டமும் பார்வைக் கோளாறும் மட்டுமே தெரியலாம் என்பதால் கண்களின் அசைவையும் பார்த்தோம். இரத்த அழுத்தம் 102க்கு 60. நாடி 50, இரத்த அழுத்த மாத்திரைகளில் சில நாடியைக் குறைக்கும் என்பதால் அதற்கும் ஒரு காரணத்தை மனம் தயாராக வைத்திருந்தது. காதின் சமநிலைக் கோளாறாக இருக்கலாம், இரவில் சரியாகச் சாப்பிடாததாக இருக்கலாம், மெதுவாகவே அழைத்துப் போகலாம் என்று எனக்குள் நானே முடிவு செய்துவிட்டேன். சக்கர நாற்காலியைச் சமையலறை வாசலில் நிறுத்திவிட்டு, “மெல்ல எழுந்திரிங்க பாட்டி, நான் பிடிச்சிக்கிறேன்,” என்று அவர் கையைப் பற்றி எழுப்பினேன்.

எழுந்தவர் ஓர் அடி வைப்பதற்குள் என் முன்கையை இறுக்கிப் பிடித்தார். “அதே மாதிரி கண்ணு இருட்டிக்கிட்டு வருது தம்பி. அப்பயும் இப்படித்தான் வந்துச்சு. பின்னே பார்த்தா தரையில கெடக்கேன்,” என்றார். ‘பின்னே பார்த்தா.’ அந்த இரண்டு சொற்களில் ஓர் இடைவெளி இருந்தது. அடுப்பில் பாலை வைத்ததற்கும் தரையில் கண் விழித்ததற்கும் நடுவே அவர் இல்லாமல் போன நேரம் அது. அந்த நேரத்தில்தான் பால் பொங்கி, வழிந்து, கருகியிருக்கிறது. வாடையை உணர்ந்து ஓடி வந்த மருமகள், கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, முக்காலியில் தூக்கி வைத்திருக்கிறார். நடந்தது முழுவதும் அந்த அடுப்பின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. நான் வாடையை மட்டும் முகர்ந்துவிட்டு, அவர் சொன்ன முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

உடனே அவரைத் தரையில் படுக்க வைத்தோம். நான் காக்கிடம், தலைசுற்றல் இல்லை, சுயநினைவு போய் விழுந்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இசிஜி வடங்களை எடுத்தார். நாடி 38க்கு இறங்கியிருந்தது. தாளில் இரண்டாம், மூன்றாம், ஏவிஎஃப் தடங்களில் கோடு மேலெழுந்து நின்றது. இதயத்தின் அடிச்சுவருக்கு இரத்தம் செல்லும் தமனி அடைபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அந்த அடிச்சுவருக்குப் பெரும்பாலும் இரத்தம் தரும் வலப்புறத் தமனிதான், மேலறையின் துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் முடிச்சுக்கும் பெரும்பாலானோரிடம் இரத்தம் தருகிறது. அதனால்தான் நாடி தளர்ந்தது, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்தது, நினைவு போனது. நீண்டகால நீரிழிவு நரம்புகளை மழுங்கச் செய்திருப்பதால் நெஞ்சில் வலியே தோன்றாமல் மாரடைப்பு வரலாம் என்பதை நான் பாடத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவன். 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னோம். நாக்கின் அடியில் தெளிக்கும் நைட்ரோ கிளிசரினை, நெஞ்சு நோய் என்றதும் கை தேடும் அந்த மருந்தை, காக் தொடவில்லை. இத்தகைய அடைப்பில் இதயத்தின் வலப்புறமும் பாதிக்கப்பட்டிருந்தால், அது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று பாதாளத்துக்குத் தள்ளிவிடும். மருத்துவமனைக்கு வழியிலேயே தகவல் போனது. அன்று மாலை வேறொருவரை அங்கே கொண்டுபோனபோது விசாரித்தேன். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள் என்று தாதி சொன்னார்.

இசிஜியை எப்படியும் வண்டியில் எடுத்திருப்போம் என்று காக் பிற்பாடு எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அது உண்மைதான். ஆனால் நாடி 38க்கு இறங்கவிருந்த ஒருவரை நான் நிற்க வைத்தேன் என்பதும் உண்மை. கதவைத் தாண்டி, தாழ்வாரத்தில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது அவர் மறுபடி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்குப் பல இரவுகளில் வந்திருக்கிறது.

ஒரு சொல், பல நோய்கள்

என் தந்தை எனக்கு இலக்கணம் சொல்லித் தந்தபோது மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம் என்ற சொற்களைக் கேட்டிருக்கிறேன். மயங்குதல் என்றால் ஒன்று மற்றொன்றோடு கலத்தல். நாம் உடலைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சொல்லில் எத்தனையோ நிலைகள் கலந்து கிடக்கின்றன. ‘மயக்கமா இருக்கு’ என்றால் தலை கிறுகிறுக்கிறது. ‘மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க’ என்றால் சுயநினைவு போய்த் திரும்பியிருக்கிறது. ‘மயக்கத்துல இருக்காங்க’ என்றால் இன்னும் திரும்பவில்லை. முதலாவதற்குக் காதையும் மூளையையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு இதயத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பு பார்க்க வேண்டும். நம் பேச்சில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது பெயர்ச்சொல் அன்று, அதன் பின்னால் வரும் வினைச்சொல். மூதாட்டி ‘வந்துச்சு’ என்று இறந்த காலத்தில் சொன்னார். வந்து போன ஒன்றைச் சொன்னார். நான் பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வினையைச் சமையலறையிலேயே விட்டுவிட்டேன்.

இளம்பெண்களின் விஷயத்தில் அதே சொல் இன்னொரு வகையில் ஏமாற்றுகிறது. புதிதாகத் திருமணமான பெண் மயங்கி விழுந்தால் நம் வீடுகளில் முகங்கள் மலரும். மாமியார் சர்க்கரையை எடுத்து வாயில் போட வருவார். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாள் தள்ளிப்போயிருக்கிற பெண் அடிவயிற்று வலியோடு மயங்கி விழுந்தால், கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்றே நாங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியாமல் இருக்கலாம். சிலருக்குத் தோளின் நுனியில் வலி எடுக்கும். அந்த வீட்டில் வெட்கத்தோடு சிரிக்கிற பெண்ணிடம், எல்லாரையும் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கடைசியாக எப்போது தூரமானார் என்று தமிழில் கேட்பதற்கு எனக்கு இன்னும் தயக்கம் வருகிறது. கேட்காமல் இருக்க முடியாது. இப்போதெல்லாம் காக் பக்கத்தில் அமர்ந்திருக்க, கேள்வியை அவர் வழியாகக் கேட்கிறேன்; பெண் பெண்ணிடம் சொல்லிவிடுவாள்.

‘இழுப்பு’ என்ற சொல் மயக்கத்தையும்விட அபாயமானது. துவாஸ் பக்கம் ஒரு வெளிநாட்டு ஊழியர் விடுதியிலிருந்து இரவில் அழைப்பு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஓடிவந்த நண்பர், “அண்ணே, அவனுக்கு இழுப்பு வந்துருச்சுண்ணே,” என்றார். நம் ஊர்களில் ஆஸ்துமாவில் மூச்சு விசிலடிப்பதும் இழுப்புத்தான். வலிப்பில் கைகால் வெட்டுவதும் இழுப்புத்தான். கட்டிலில் கிடக்கும் முதியவரைப் பற்றி ‘இழுத்துக்கிட்டு இருக்கு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுவும் இழுப்புத்தான். உள்ளே போனால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையில் மல்லாந்து கிடந்தார். ஒருவர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்துப் பிடித்திருந்தார். வலிப்புக்கு இரும்பைக் கொடுக்கும் பழக்கத்தை அங்கிருந்த எல்லாரும் ஊரில் பார்த்து வளர்ந்தவர்கள். கிடந்தவர் பத்து நொடிக்கு ஒருமுறை வாயைப் பிளந்து, குறட்டை போன்ற ஒலியோடு காற்றை இழுத்தார். அது மூச்சே அன்று. இதயம் நின்றபின் மூளைத்தண்டு தன் கடைசி முயற்சியாகச் செய்யும் செயல் அது. இதயம் நிற்கிற கணத்தில் மூளைக்கு இரத்தம் போகாததால் கைகால் சில நொடி வெட்டுவதும் உண்டு. நண்பர்கள் கண்டது அதைத்தான். அவர்கள் அவரைக் கைவிட்டு நிற்கவில்லை, தங்களுக்குத் தெரிந்த நோய்க்குத் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தை மனமாரச் செய்துகொண்டிருந்தார்கள். நெஞ்சை அழுத்தத் தொடங்கினோம். மூன்றாவது மின்னதிர்ச்சிக்குப் பிறகு நாடி திரும்பியது.

நெஞ்சழுத்தம் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. 995 ஆம்புலன்ஸ் சேவையை நடத்தி, ஆண்டுக்கு 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை ஏற்கும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை, 2012 முதல் தொலைபேசியிலேயே நெஞ்சழுத்தம் செய்ய வழிகாட்டி வருகிறது. தொலைபேசியில் கேட்பவருக்கு நோயின் பெயர் தேவையே இல்லை. அவர் கேட்பது இரண்டுதான்: நினைவு இருக்கிறதா, இயல்பாக மூச்சு விடுகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால், மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்கச் சொல்வார். இரண்டாவது கேள்வியில் ‘இயல்பாக’ என்ற சொல்தான் உயிர். குறட்டை விடுகிறார், அதனால் மூச்சு இருக்கிறது என்று நாம் பதில் சொல்லிவிடுகிறோம். மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு எந்த மருத்துவச் சொல்லும் வேண்டாம். உண்மையான வலிப்பாக இருந்தாலும் சாவியால் பயனில்லை. பற்களுக்கிடையே எதையும் வைக்கக் கூடாது, கைகாலை அழுத்திப் பிடிக்கக் கூடாது, வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது மூளையைப் பாதிக்கக்கூடிய பேரவசரம்.

எண்களும் மொழிபெயர்க்கப்பட வேண்டியவை என்பதை ஊழியர் விடுதிகளில்தான் கற்றேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் சிலர் ஊரில் வாங்கிய சர்க்கரைக் கருவியை வைத்திருப்பார்கள். வியர்த்து, உளறிக்கொண்டிருக்கும் நண்பரைக் காட்டி, “54 காட்டுதுண்ணே” என்பார்கள். இங்கே நாங்கள் பயன்படுத்தும் அளவில் 54 என்பது கருவியே காட்டமுடியாத உயரம். ஊர்க் கணக்கை 18ஆல் வகுத்தால்தான் 3.0 என்று வரும், அது ஆபத்தான தாழ்நிலை. விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சில மாத்திரைகள் சர்க்கரையை மறுபடியும் மறுபடியும் இறக்கும் என்பதால், தெளிந்து உட்கார்ந்து ‘இப்ப நல்லா இருக்கேன், நீங்க போங்க’ என்று சொல்பவரை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வருவதில்லை.

தைலமும் தாலியும்

நம் வீடுகளில் நெஞ்சு அசௌகரியத்துக்கு முதல் பெயர் வாயு. சிங்கப்பூரில் இன்னொரு பெயர் கேஸ்ட்ரிக். இரண்டுக்கும் முதல் மருந்து தைலம். கதவு திறக்கும்போதே கோடாலித் தைலத்தின் வாசனை வந்தால், இந்த வீட்டில் நோய் தொடங்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று நான் கணக்கிட்டுக்கொள்கிறேன். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் இசிஜி வில்லைகள் ஒட்டாது, மின்னதிர்ச்சிக் கருவியின் ஒட்டுத்தகடும் ஒட்டாது. ஆகவே தமிழ் வீட்டுக்குப் போகும்போது ஒரு சிறிய துண்டை என் பையின் வெளிப்பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ‘வலி இருக்கிறதா’ என்ற கேள்வியையும் நான் விட்டுவிட்டேன். அழுத்தமும் இறுக்கமும் பாரமும் நம் பேச்சில் வலி என்ற கணக்கில் வருவதில்லை. வலி இல்லை என்று உண்மையாகவே பதில் சொல்வார்கள். “நெஞ்சுல என்ன மாதிரி இருக்கு, கையால காட்டுங்க,” என்றால் சிலர் முஷ்டியை மடக்கி நடு மார்பில் வைப்பார்கள். அந்த முஷ்டியைக் கண்டதும் நான் இசிஜி பெட்டியைத் திறந்துவிடுவேன்.

பெண்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தாமதம் நேர்கிறது, அது என்னை மிகவும் வருத்துகிறது. ரவிக்கையைத் தளர்த்த வேண்டும் என்றதும் நோயாளியும் குடும்பமும் தயங்குவார்கள். இளைஞனான நானும் தயங்கி, கண்ணைத் தாழ்த்தி நிற்பேன். தாலியைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, கொடியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்த ஓர் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். கழற்ற வேண்டியதே இல்லை. உலோகத்தின் மேல் தகடு படாதபடி ஓரமாக நகர்த்தினால் போதும். இதை நான் உள்ளே நுழைந்து பெட்டியைத் திறக்கும்போதே உரக்கச் சொல்லிவிடுகிறேன்: “அம்மா, தாலியைக் கழட்ட வேண்டாம், ஒரு போர்வை மட்டும் குடுங்க, மூடிக்கிட்டே எடுத்துடலாம்.” அந்த வாக்கியத்தைச் சொல்லக் கற்றபின் எனக்கு இசிஜி எடுக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது.

இப்போது எங்கள் குழுவில் பயிற்சிக்கு ஓர் இளைஞர் வருகிறார். கட்டாய தேசிய சேவையை முடித்தவர், தமிழர், வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் நோயாளி என்றால் ஒதுங்கிக்கொள்வார். தன் தமிழ் போதாது என்பது அவர் எண்ணம். போதும் என்ற என் எண்ணம்தான் எனக்குக் கேடாக முடிந்தது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே காக்கிடம் சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள், பிறகு அதற்கு என்ன நடந்தது என்று கேட்டு, நடந்ததை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று பழக்குகிறேன். காக்குக்கு இப்போது மயக்கம், இழுப்பு, வாயு மூன்றும் தெரியும். கேட்டதும் எந்த மயக்கம் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

சென்ற மாதம் பிடோக்கில் ஒரு காப்பிக் கடைக்கு அழைப்பு. வேட்டி கட்டிய பெரியவர், கோப்பை பாதியில் நிற்க, நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தார். “நெஞ்சு படபடங்குதுப்பா,” என்றார். இளைஞர் என்னைப் பார்த்தார். “அண்ணா, படபடங்குதுன்னா என்னன்னு சொல்றது? பயமா, வேகமா?” என்று கேட்டார். எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. இரண்டுக்கும் அதுதான் சொல். நான் பெரியவரின் முன் அமர்ந்து, “ஐயா, உள்ள எப்படி அடிக்குதோ அப்படியே இந்த மேசையில விரலால தட்டிக் காட்டுங்க,” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். வேகமாக இரண்டு, ஒரு நிறுத்தம், ஒன்று, மீண்டும் அடுக்காக நான்கு, நீண்ட நிறுத்தம், இரண்டு. எந்தத் தாளத்திலும் அடங்காத தட்டல். நான் திரும்புவதற்குள் காக் துண்டால் அவர் மார்பைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்.